33 இன்னிங்ஸ் கண்ட மைதானத்தை இடித்துப் பாடசாலை கட்டுகிறார்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பேஸ்போல் தெரியாதவர்களும் வாசிக்கலாம். எங்களுக்கும் பெரிதாகத் தெரியாது. எல்லே விளையாடிய கை, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பொட்டக்கெட் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. சனத்தொகை 75 ஆயிரம் அளவு. அங்கே 1942இல் திறந்த மெக்கோய் ஸ்டேடியம் என்ற பேஸ்போல் மைதானத்தை 2025இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த நிலத்தில் பெரிய உயர்நிலைப் பாடசாலை ஒன்று வரவிருக்கிறது. இடைவேளை நேரம் ஆசிரியர் அறையில் ஒருவர் இந்தச் செய்தியை வாசித்துக் காட்டினார். "மைதானம் போய்ப் பாடசாலை வருகுதா? நல்லதுதானே" என்றுதான் எங்களில் எல்லோருமே சொன்னோம். ஆசிரியர்கள் வேறென்ன சொல்வார்கள்?

பிறகு அந்த மைதானத்தின் கதையைத் தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க, அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமோ என்று பட்டது. பாடசாலை வருவதில் எங்களுக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. ஆனால் அந்த இடம் எப்படி வெறுமையானது என்பதைச் சொல்லாமல் "பாடசாலை வருகுது" என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

முதலில் ஊரைப் பற்றி. அமெரிக்காவின் கைத்தொழில் புரட்சி தொடங்கிய இடம் என்று பாடப் புத்தகங்களில் வரும் ஊர் இதுதான். சாமுவேல் ஸ்லேட்டர் என்பவர் இங்கிலாந்தில் பஞ்சாலை வேலை பழகி, இயந்திரங்களின் அமைப்பை மனதில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனவர். 1790இல் பொட்டக்கெட்டில் தண்ணீர் விசையால் பஞ்சு நூற்கத் தொடங்கினார். 1793இல் எழுந்த அவருடைய ஆலை இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அவரிடம் முதன்முதலில் வேலைக்கு நின்றவர்கள் சிறுவர்கள். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள். எங்கள் கணக்கில் இரண்டாம் ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வாசித்தபோது எங்களில் ஒருவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை.

ஆலைகளால் வளர்ந்த ஊர், ஆலைகள் போனதும் தளர்ந்தது. கூலி குறைந்த தென் மாநிலங்களைத் தேடி முதலாளிமார் போய்விட்டார்கள். ஆக, தன்னை வைத்து வளர்ந்தவர்கள் தன்னை விட்டுப் போவது பொட்டக்கெட்டுக்குப் புதிதல்ல. பின்னால் வரும் கதைக்கு இது தேவை, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலம். தோமஸ் மெக்கோய் என்பவர் நகர முதல்வர். ஊரையே தன் கைக்குள் வைத்திருந்த அரசியல்வாதி. வேலையற்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டத்தின் பணத்தில் ஒரு ஸ்டேடியம் கட்டப்போகிறேன் என்றார். அவர் தெரிந்தெடுத்த இடம் ஒரு சதுப்பு நிலம். மண்ணும் தூணும் போடப் போட உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வாகனங்களும் இயந்திரங்களும்கூடச் சேற்றில் அமிழ்ந்துபோயின என்று இன்றும் கதை சொல்கிறார்கள். செலவு பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. அந்தக் காலத்தில் அது பெரும் காசு. ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது, மெக்கோயின் முட்டாள்தனம் என்றது. 1942இல் மைதானம் திறந்தது. 1945இல் அவர் காலமானார். அடுத்த வருடம் அவர் பெயரையே மைதானத்துக்கு வைத்தார்கள்.

ஓர் அரசியல்வாதியின் வீண் பெருமை என்று சொல்லிவிடலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்தச் சேற்றைக் கொட்டி நிரப்பிய வேலையில்லாத மனிதனுக்குக் கூலி கிடைத்தது. அவனுடைய பேரப்பிள்ளை பிறகு அதே இடத்தில் இருந்து விளையாட்டுப் பார்த்தது. இதை எந்த வரவு செலவில் எழுதுவது?

அங்கே ஆடியவை மைனர் லீக் அணிகள். அதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். பெரிய நகரங்களின் பெரிய அணிகளுக்கு ஆள் தயாராகும் படிகள்தான் மைனர் லீக். மேலே இருக்கும் அணி கீழே இருக்கும் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கும், தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளும். முதலில் அங்கே ஆடிய அணிக்கு அந்த ஆலைக்காரரின் நினைவாக ஸ்லேட்டர்ஸ் என்றுதான் பெயர். 1970களில் பொஸ்டன் ரெட் சொக்ஸின் பயிற்சி அணி அங்கே வந்தது. 1973இலிருந்து அதுவே மிக உயர்ந்த படி. பொட்டக்கெட் ரெட் சொக்ஸ், சுருக்கமாகப் போசொக்ஸ். ரொஜர் க்ளெமென்ஸ், மூக்கி பெட்ஸ் போன்றவர்கள் உலகம் அறியுமுன்னர் பொட்டக்கெட் பிள்ளைகள் அறிந்த பெயர்கள்.

அந்த மைதானத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. பார்வையாளர் அரங்கு உயரத்தில். வீரர்கள் அமரும் இடம் அதற்கு நேர் கீழே. கையெழுத்து வாங்க எட்டாது. அதனால் பிள்ளைகள் வெறும் பிளாஸ்டிக் பால் போத்தலின் பக்கத்தை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் வைத்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். வீரர் கையெழுத்துப் போட்டுப் போத்தலுக்குள் வைப்பார், பிள்ளை இழுத்தெடுக்கும். தூண்டில் போடுவது மாதிரி. யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. ஒரு கட்டடத்தின் குறையிலிருந்து பிள்ளைகளே கண்டுபிடித்தது.

1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு. ரொச்செஸ்டர் ரெட் விங்ஸ் அணியோடு போட்டி. பேஸ்போலில் ஒன்பது இன்னிங்ஸ். சமநிலையில் முடிப்பதில்லை, ஒருவர் வெல்லும்வரை இன்னிங்ஸ் கூடிக்கொண்டே போகும். ஒன்பது முடிய 1-1. இருபத்தோராவதில் ரொச்செஸ்டர் ஓர் ஓட்டம் எடுத்தது. அப்பாடா என்றால், அதே இன்னிங்ஸில் பொட்டக்கெட்டும் ஒன்று எடுத்துவிட்டது. கடும் குளிர். உடைந்த மட்டைகளை எரித்துக் கை காய்ந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டிப் புதிய இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்று லீக்கில் விதி இருந்தது. நடுவர்கள் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் அந்தப் பகுதி மட்டும் இல்லை! சுற்றுநிருபத்தின் நடுப்பக்கம் வராமல்போன அனுபவம் உள்ள ஆசிரியர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். கடைசியில் லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, அதிகாலை 4.07க்கு நிறுத்தினார்கள். 32 இன்னிங்ஸ். 2-2.

1,740 பேர் வந்த போட்டி அது. நிறுத்தும்போது இருந்தவர்கள் 19 பேர். அந்தப் பத்தொன்பது பேருக்கும் சீசன் சீட்டோ ஆயுட்காலச் சீட்டோ கொடுத்தார்கள்.

மிகுதி ஆட்டம் ஜூன் 23இல் நடந்தது. அப்போது பெரிய லீக் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அதனால் நாட்டின் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் பொட்டக்கெட்டுக்கு வந்துவிட்டார்கள். அரங்கு நிறைந்த கூட்டம். வெறும் 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. 33ஆவது இன்னிங்ஸில் டேவ் கோஸா அடித்த அடியில் மார்ட்டி பரெட் ஓடிவந்து சேர, 3-2. தொழில்முறைப் பேஸ்போல் வரலாற்றின் மிக நீண்ட போட்டி இன்றுவரை அதுதான். இரு பக்கமும் ஆடிய வேட் பொக்ஸும் கெல் ரிப்கனும் பிறகு உலகப் புகழ் பெற்றார்கள். வெற்றி அடி அடித்த கோஸா ஒரு நாள்கூடப் பெரிய லீக்கில் ஆடவில்லை.

எதிரணியின் பெயரை மறக்க வேண்டாம். ரொச்செஸ்டர். திரும்பவும் வருவோம்.

இந்தக் கழகம் 1976 அளவில் வங்குரோத்தாகிக் கிடந்தது. 1977இல் பென் மொண்டோர் என்பவர் எடுத்தார். கனடாவின் கியூபெக்கில் பிறந்து, மூடிய ஆலைகளை வாங்கி நடத்திப் பணம் சம்பாதித்தவர். அரங்கைத் துப்புரவாக்கினார். சண்டை சச்சரவை நிறுத்தினார். நுழைவுச்சீட்டின் விலையைக் குறைவாகவே வைத்திருந்தார். நாலு பிள்ளைகள் உள்ள வாப்பா ஒருவர் இரண்டு தரம் யோசிக்காமல் கூட்டிப்போகக்கூடிய விலை. முதல் வருடம் மொத்தம் 70 ஆயிரம் அளவில் வந்த பார்வையாளர்கள், 2005இல் 6 இலட்சத்து 88 ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஊரின் சனத்தொகையைப் போல ஒன்பது மடங்கு! மாநிலப் பாடசாலைகளின் பேஸ்போல் இறுதிப் போட்டிகளும் அதே புல்லில் நடந்தன. ரோட் ஐலண்டில் ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு மெக்கோயில் ஆடுவது என்பது வாழ்நாளுக்கான பேச்சு.

2010இல் மொண்டோர் காலமானார். 2015இல் அவருடைய மனைவியும் பங்காளிகளும் கழகத்தை விற்றார்கள். வாங்கிய குழுவில் பொஸ்டன் ரெட் சொக்ஸின் தலைவராக இருந்த லெரி லுக்கினோவும் ஒருவர். அவர்கள் சொன்ன முதல் வார்த்தையே, மெக்கோய் பழசு, பக்கத்திலிருக்கும் தலைநகர் ப்ரொவிடன்ஸுக்குப் போகிறோம் என்பதுதான். அதற்கு 30 வருடத்தில் 12 கோடி டொலர் பொதுப்பணம் கேட்டார்கள். மக்கள் கொதித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

மக்கள் ஏன் கொதித்தார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 2010இல் கேர்ட் ஷில்லிங் என்ற ஓய்வுபெற்ற ரெட் சொக்ஸ் நட்சத்திரம் கணினி விளையாட்டுக் கம்பனி நடத்தப்போகிறேன் என்றார். மாநில அரசு 7.5 கோடி டொலர் கடனுக்குப் பிணை நின்றது. 2012இல் கம்பனி வங்குரோத்து. கடன் மக்கள் தலையில். ஒரு பேஸ்போல்காரரை நம்பிக் கை சுட்டுக்கொண்ட மாநிலத்திடம் மூன்று வருடத்தில் இன்னொரு பேஸ்போல் குழு கை நீட்டினால் யார் கொடுப்பார்?

2017இல் கொஞ்சம் நியாயமான திட்டம் ஒன்று வந்தது. பொட்டக்கெட்டிலேயே, ஸ்லேட்டரின் ஆலைக்குப் பக்கத்தில் புதிய மைதானம். 8.3 கோடி டொலர். கழகம் 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, நகரம் 1.5 கோடி. மாநில செனட் ஏற்றது. கீழ்ச்சபை இழுத்தடித்து மாற்றி எழுதியது. 2018 ஜூன் கடைசியில் ஆளுநர் கையொப்பமிட்டார். ஆகஸ்டில் கழகம், நாங்கள் மசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போகிறோம் என்று அறிவித்தது. வூஸ்டர் கட்டிக்கொடுத்த மைதானம் முடியும்போது 15 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. இரண்டு ஊர்களை ஏலத்தில் நிறுத்தினால் கூட்டிக் கேட்பவனுக்குத்தான் பொருள். வென்றவன் கொடுத்த விலை நியாயமா என்பது பிறகுதான் தெரியும்.

போசொக்ஸ் மெக்கோயில் கடைசியாக ஆடியது 2019 செப்டெம்பரில். 2020 பருவம் முழுவதும் பிரியாவிடையாக இருக்க வேண்டியது. கொவிட் வந்தது, ஒரு பந்தும் வீசப்படவில்லை. புல்தரையில் மேசை போட்டுக் குடும்பங்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். வாகனத் தரிப்பிடத்தில் கொவிட் பரிசோதனை நடந்தது. உலகத்தின் மிக நீண்ட போட்டி நடந்த மைதானத்துக்குப் பிரியாவிடைப் போட்டி கிடைக்கவில்லை.

இனி எங்கள் கருத்து. உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள்.

பொட்டக்கெட் மக்கள் காசு கொடுக்கத் தயங்கியதைக் குறை சொல்ல மாட்டோம். பிழை அதற்கு முன்னால் நடந்துவிட்டது. மொண்டோர் நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் நல்லவராக இருப்பது ஓர் ஏற்பாடு ஆகாது. இதை ஆசிரியர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நல்ல அதிபர் ஒருவர் பத்து வருடம் இருந்து தூக்கி நிறுத்திய பாடசாலை, அவர் இடமாற்றம் பெற்றுப் போன மூன்றாம் தவணையிலேயே கிணற்றடிக்குக் குழாய் பூட்ட ஆளில்லாமல் நிற்பதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். மெக்கோயின் சுவர் ஊருடையது, கழகம் ஒருவருடையது. அந்த ஒருவர் இருக்கும்வரை வித்தியாசம் தெரியவில்லை. இல்லாமல்போன ஐந்தாம் வருடம் தெரிந்தது.

1990களின் இறுதியில் சுமார் 1.6 கோடி டொலரில் மெக்கோயைத் திருத்தி, இருக்கைகளைப் பத்தாயிரத்துக்குக் கூட்டினார்கள். பொதுப்பணம் அது. கேட்க வேண்டிய நேரம் அதுதான். எங்கள் காசில் உங்கள் அரங்கைப் பெரிதாக்குகிறோம், கழகத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு தாருங்கள், விற்பதாயின் முதலில் எங்களுக்கு விற்க வேண்டும் என்று. மொண்டோரைப் போன்றவர் மறுத்திருப்பாரா? கடைசியில் ஊரின் கையில் இருந்தது ஒரு குத்தகைதான். அது 2020 பருவத்தோடு முடிந்தது.

இது நடக்காத காரியம், கனவு என்று சொல்ல வேண்டாம். அந்த இரவின் எதிரணியைப் பாருங்கள். ரொச்செஸ்டர் ரெட் விங்ஸை வைத்திருந்த சென் லூயிஸ் கார்டினல்ஸ் கழகம் 1956 அளவில் கைகழுவ முடிவெடுத்தது. மொரி சில்வர் என்ற உள்ளூர் வியாபாரி முன்னின்று, ஊர்ச் சனத்திடம் பத்து டொலர்ப் பங்குகளாக விற்றார். 8,222 பேர் வாங்கினார்கள். 1957இல் அணி ஊருடையதானது. அன்றிலிருந்து அவர்களுக்கும் நல்ல காலம் கெட்ட காலம் எல்லாம் வந்தது. மைதானம் மாறியது, மேலே இருக்கும் பெரிய அணி மாறியது. அணி ரொச்செஸ்டரை விட்டுப் போகவில்லை. 1981இல் அதிகாலை நாலு மணி வரை ஒரே புல்லில் நின்ற இரண்டு அணிகளில் ஒன்று இன்றும் தன் ஊரில். மற்றது வேறு மாநிலத்தில், வேறு பெயரில்.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். அதே நியூயோர்க் மாநிலத்தில் சிரக்கியூஸ் அணியும் ஊர்ப் பங்குதாரர்களுடையதாகத்தான் இருந்தது. 2017இல் நியூயோர்க் மெட்ஸுக்கு விற்க முடிவெடுத்தார்கள். ஆகவே பங்குச்சீட்டு மந்திரக்கோல் இல்லை. ஆனால் அங்கே விற்பதா இல்லையா என்று ஊர்க்காரர் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். பொட்டக்கெட்காரர்கள் செய்தியில்தான் அறிந்தார்கள்.

பாடசாலைக்கு வருவோம். 2022 நவம்பரில் பொட்டக்கெட் வாக்காளர்கள் 33 கோடி டொலர் கடன்முறிக்குச் சம்மதம் கொடுத்தார்கள். பழைய கட்டடங்களில் தனித்தனியே நடந்த உயர்நிலைப் பாடசாலைகளை ஒன்றாக்கி மெக்கோய் நிலத்தில் கட்டுவது திட்டம். மைதானத்துக்குக் கை இறுக்கிய அதே மக்கள் பிள்ளைகளின் படிப்புக்கு அதைவிடப் பல மடங்கு பணத்துக்குக் கை உயர்த்தினார்கள். இதை நாங்கள் மனதார மதிக்கிறோம். மக்களுக்குச் செலவழிக்க மனமில்லை என்ற பேச்சு இந்த ஓர் இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதே நகரத்தில் ஆற்றங்கரையில் புதிய உதைப்பந்தாட்ட மைதானம் ஒன்று 2025 மே மாதம் திறந்தது. அதற்காக எடுத்த பொதுக் கடன் வட்டியோடு 10 கோடி டொலரைத் தாண்டும். 2017இல் பேஸ்போலுக்கு மாநிலமும் நகரமும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது 3.8 கோடி. அதற்கும் வட்டி இருந்திருக்கும், இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது எங்களுக்குத் தெரியும், கணித ஆசிரியரும் எங்களோடு இருக்கிறார். ஆனாலும் கேள்வி அதேதான். இந்த முறையாவது அந்தக் கழகத்தில் ஊருக்குப் பங்கு கேட்டார்களா?

மெக்கோயை இடிக்குமுன் இருக்கைகளையும் சாமான்களையும் ஏலத்தில் விட்டார்கள். மழையில் நனைந்து சாயம் போன கதிரைகளைப் பழைய ரசிகர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். புதிய பாடசாலைக்கும் விளையாட்டு மைதானம் இருக்கும். பிற்பகல் பாடசாலை விட்ட பிறகு அதன் கேற்றைப் பூட்டுவார்களா, ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுவார்களா என்பதைத்தான் அங்குள்ள ஆசிரியர்களிடம் கேட்க ஆசைப்படுகிறோம்.